தவணை நாள் வந்தாலே வீட்ல சண்டை

கேள்வி: என் மனைவி தையல் தொழிலுக்காக குழு லோன் எடுத்தாங்க, அத அடைக்க இன்னொன்னு, அப்புறம் இன்னொன்னுன்னு இப்ப மூணு ஆயிடுச்சு. தவணை நாள் வந்தாலே சண்டைதான். இந்த லோனால யாராச்சும் முன்னேறி இருக்காங்களா சார்?

பதில்: இருக்காங்க, ஆனா விளம்பரத்துல சொல்ற அளவுக்கு இல்ல. வங்காளதேசத்துல ஏழைகளுக்கு இந்த மாதிரி சின்ன லோன் குடுத்த முகமது யூனுஸும் அவரு தொடங்குன கிராமின் வங்கியும் 2006ல நோபல் அமைதிப் பரிசு வாங்குனப்ப இனிமே வறுமையே இருக்காதுன்ற மாதிரி பேசுனாங்க, ஆனா இந்த மாதிரி லோன பத்தி ஆறு நாட்டுல ஆய்வு பண்ணி 2015ல வெளியிட்டதப் பாத்தா தொழில் கொஞ்சம் பெருசாகுது, குடும்ப வருமானம் பெருசா ஏறல.

சிக்கல் எங்கன்னா துணி எடுத்து தைச்சு கஸ்டமர் காசு குடுக்க மாசமாகும், தவணையோ அடுத்த வாரமே வந்து நிக்கும், அப்ப வீட்டுச் செலவுக் காசுல கைய வைக்கணும், கட்டலன்னா குழுவுல இருக்கறவங்க பங்கு போட்டுக் கட்டணும், அந்த அவமானத்துக்குப் பயந்தே ரெண்டாவது லோன் வருது. வட்டியையும் பாருங்க, ஃபிளாட் ரேட்ல, அதாவது முதல்ல வாங்குன முழுத் தொகைக்கே கடைசி வரைக்கும் வட்டி போட்டு, 12 சதவீதம்னா, மாசாமாசம் அசலும் குறையறதால உண்மையில 21க்கு மேல வரும்.

மூணு லோனோட பாக்கி, வட்டி, தவணை தேதி எல்லாத்தையும் ரெண்டு பேரும் உக்காந்து ஒரே பேப்பர்ல எழுதுங்க. நாலாவது வேண்டவே வேண்டாம். தவணைய மாசத்துக்கு மாத்தித் தர முடியுமான்னு தவறறதுக்கு முன்னாடியே கேளுங்க. அப்புறம், லோன் அவங்க பேர்ல இருக்கு சரி, செலவு பண்ணது யாருன்னும் அந்தப் பேப்பர்லயே எழுதிருங்க!