பாட்டு நன்றாக இருந்தால் போதாதா, ராக் குழுவுக்கு வீடியோ எதற்கு?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி நண்பர்கள் நால்வர் சேர்ந்து ராக் குழு நடத்துகிறோம். முதல் பாட்டுக்கு வீடியோ எடுக்க 4,000 வெள்ளி சேர்த்திருக்கிறோம். வீடியோ உண்மையிலேயே ரசிகர்களைக் கொண்டுவருமா? பாட்டு நன்றாக இருந்தால் போதாதா?

பதில்: கொண்டுவரும். நான் சிங்கப்பூரில் வீடியோ படத்தொகுப்பு செய்து பிழைப்பவன். உள்ளூர்க் குழுக்களின் படங்களும் என் மேசைக்கு வருவதுண்டு. பார்க்கிறவர் மனத்தில் முதலில் எழுவது "இவர்கள் யார், நம் ஆட்களா?" என்ற கேள்விதான். பாட்டு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த முதல் கேள்விக்கு உங்கள் வீடியோ என்ன பதில் சொல்கிறதோ, அதுவே ஆண்டுக்கணக்கில் உங்கள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். இசட்இசட் டாப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் வந்த அவர்களுடைய வீடியோக்களில் ஒரு சிவப்புக் காரும் நீண்ட தாடிகளும் வந்தன. மூவரில் இருவருக்குத்தான் அந்தத் தாடி. ஆனாலும் உலகத்துக்கு அவர்கள் தாடிக் குழு, அவ்வளவுதான்.

வீடியோவே வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு. மெட்டாலிக்கா 1981இல் தொடங்கிய குழு. முதல் மூன்று இசைத்தொகுப்புகளுக்கு ஒரு வீடியோகூட எடுக்கவில்லை. அந்த மறுப்பையே ரசிகர்கள் ஒரு கௌரவமாகக் கொண்டாடினார்கள். 1989இல் 'ஒன்' பாட்டுக்கு முதல் வீடியோ வந்தபோது, விலைபோய்விட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அதில் பளபளப்பு துளியும் இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு கிடங்குக்குள் நால்வரும் வாசிக்கிறார்கள். இடையிடையே போரில் கை, கால், பார்வை, பேச்சு எல்லாம் இழந்த சிப்பாயைப் பற்றிய பழைய திரைப்படக் காட்சிகள் வருகின்றன. சமரசம் செய்துகொள்ளாதவர்கள் என்ற பெயர் அந்த வீடியோவால் கெடவில்லை, இன்னும் இறுகியது.

எனக்கு மிகவும் பிடித்தது நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்', 1991. அது ராக் உலகக் கணக்கில் சிறிய செலவு. பள்ளி உடற்பயிற்சிக்கூடம் போல ஓர் அரங்கம், மங்கலான பழுப்பு வெளிச்சம், புகை. சியர்லீடர் பெண்களின் உடையில் அராஜகவாதச் சின்னம். கூட்டமாக நடிக்க வந்த இளைஞர்களை நாள் முழுக்க உட்காரவைத்ததில் அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் இறங்கி வந்து குதித்து அரங்கையே உடைத்தார்கள். படத்தில் தெரிகிற வெறி பெரும்பாலும் அசல். அடுத்து நடந்ததுதான் என் தொழிலுக்கு நெருக்கமான விஷயம். இயக்குநர் சாமுவேல் பேயர் தொகுத்துக் கொடுத்த வடிவம் குழுவின் பாடகர் கர்ட் கோபேனுக்குப் பிடிக்கவில்லை. தானே உட்கார்ந்து மாற்றவைத்தார். பாட்டின் பெரும்பகுதியில் முடியும் புகையும் மறைத்துக்கொண்டிருக்கும் அவருடைய முகம், முடிவை நெருங்கும்போதுதான் அருகில் முழுதாகத் தெரிகிறது. அந்தக் காத்திருப்பு பார்க்கிறவரை இழுக்கிறது. என்னிடம் வரும் குழுக்களோ, பாடகர் முகம் மூன்று விநாடிக்கு ஒருமுறை தெரியவேண்டும் என்கின்றன! அந்த வீடியோவில் குழுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே கோடே இல்லை. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த பையன் தன்னை அந்தப் படிக்கட்டு இருக்கையில் கண்டான். 1992 ஜனவரியில் அவர்களுடைய இசைத்தொகுப்பு, மைக்கேல் ஜாக்சனுடையதைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

பணம் முக்கியமா என்றால், ஓரளவுக்குத்தான். 2006இல் ஓகே கோ குழு எட்டு டிரெட்மில்களை வைத்துக்கொண்டு, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் ஆடியது. நடனம் அமைத்தவர் பாடகரின் சகோதரி. அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. ஆனால் அந்த மெட்டை இப்போது முணுமுணுக்கச் சொன்னால் எத்தனை பேருக்கு வரும்? டிரெட்மில்தான் நினைவில் நிற்கிறது. வித்தையால் புகழ் பெற்றவர்கள் அடுத்த தடவை இன்னும் பெரிய வித்தை காட்டியாக வேண்டும். அவர்கள் அதை விரும்பியே செய்கிறார்கள். உங்களால் முடியுமா என்று யோசியுங்கள்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்பதும் கணக்கில் வரவேண்டும். 1984இல் குவீன் குழுவினர் ஒரு வீடியோவில் பெண் வேடமிட்டு, வீட்டைப் பெருக்கித் துடைப்பதுபோல நடித்தார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் கிண்டல் செய்த காட்சி அது. பிரிட்டனில் சிரித்தார்கள். அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சிக்கு அது பிடிக்கவில்லை, குழுவுக்கு அங்கே இருந்த செல்வாக்கும் அடிவாங்கியது. நம் ஊருக்கும் இதில் அனுபவம் உண்டு. 1972இல் லெட் செப்பலின் குழு சிங்கப்பூரில் வாசிக்க வந்தபோது, நீண்ட முடி காரணமாக நுழைவு மறுக்கப்பட்டது. அவர்களுடைய இசை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அதே சிங்கப்பூரிலிருந்துதான் 1990களின் நடுவில் எம்டிவி ஆசியா ஒளிபரப்பானது என்பது வேறு கதை.

முடி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். டிப்ளோமா முடித்ததும் உங்களில் பையன்கள் தேசிய சேவைக்குப் போகவேண்டியிருக்கும். ஒட்ட வெட்டிய தலையை மறைக்கத் தொப்பி மாட்டிக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கு மறைக்க வேண்டும்? நம் வயதுப் பையன் ராணுவத் தலையோடு கிட்டாரை அலறவிடுவதைப் பார்த்தால், இங்கே இருக்கிற எவனுக்கும் "நம் ஆள்" என்று உடனே தோன்றும். 1992இல் உருவான நம் ருத்ரா குழு உபநிடதக் கருத்துகளையும் சமஸ்கிருத வரிகளையும் மெட்டல் இசையில் கொண்டுவந்து, வேத மெட்டல் என்று பெயர் வாங்கியது. பாட்டின் உள்ளேயிருந்து வந்த அடையாளம் அது. மேலே பூசிக்கொண்டதாக இருந்தால் இத்தனை ஆண்டு தாங்கியிருக்காது.

உங்கள் 4,000 வெள்ளி போதும். டிரோன் வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுப்பதென்றால் முதலில் நகர மன்றத்திடம் அனுமதி கேளுங்கள். அதைவிட, தொழிற்பேட்டையில் நீங்கள் ஒத்திகை பார்க்கும் அறையே நன்றாக இருக்கும்: சுவரில் அழுக்குக் கம்பளம், மூலையில் மின்விசிறி, வியர்வை. பாட்டைச் சத்தமாக ஒலிக்கவிட்டு அதோடு சேர்ந்து வாசியுங்கள். கிட்டாரை ஒலிபெருக்கியில் இணைக்காவிட்டாலும் பரவாயில்லை, டிரம்ஸ் மட்டும் உண்மையிலேயே அடிக்கப்பட வேண்டும். சத்தம் வரக்கூடாதென்று மெதுவாகத் தட்டினால் தோள் அசையாது, சிம்பல் தகடு நடுங்காது. ஒலியில் இடி விழும், படத்தில் டிரம்மர் தூசு தட்டுவார். அந்த இடத்தை மறைக்க என்னைப் போன்றவன் கிட்டார் விரல்களுக்கு வெட்டி வெட்டிப் போகவேண்டும்.

தொகுத்த முதல் வடிவம் கைக்கு வந்ததும், உங்களைத் தெரியாத ஒருவரிடம் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். எந்த மாதிரிப் பாட்டு என்று அவர் ஓரளவு ஊகித்தால் வெளியிடலாம். பணம் மிஞ்சினால் ஒலிக்கலவைக்குக் கொடுங்கள். பெரும்பாலோர் அதைக் கைபேசியில்தான் கேட்கப்போகிறார்கள்.