ஒயர் குறைந்தால் மட்டமான மெஷினா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 63 வயது, எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 28 சதவீதம்தான், ஈசிஜியில் இடது பக்கக் கரண்ட் பாதையில் பிளாக் (ரத்தக்குழாய் அடைப்பு இல்லை). ஒரு டாக்டர் மூன்று ஒயர் பேஸ்மேக்கர் என்கிறார், இன்னொருவர் இதயத்தின் சொந்தக் கரண்ட் பாதையிலேயே ஒயரைப் பொருத்தலாம், இரண்டே போதும் என்கிறார். மருத்துவமனை வாசலில் ஒருத்தர், "அது காசில்லாதவங்களுக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, மூணு ஒயர் மெஷினை சல்லிசா எடுத்துத் தர்றேன்" என்றாராம்.

முதலில் அந்த வாசல்காரரை விட்டு விலகுங்கள். அவருக்கு கமிஷன் எந்தப் பெட்டியில் அதிகமோ அதுதான் அவருக்கு நல்ல மெஷின்.

இரண்டு ஒயர் மட்டமில்லை. இடது பிளாக் உள்ளவருக்கு கரண்ட் இடது அறைக்குத் தாமதமாகப் போகிறது. கரைவலையில் ஒரு பக்கத்து ஆட்கள் பிந்தி இழுப்பது போல. மூன்று ஒயர் முறை இதயத்தின் வெளிப்பக்க ரத்தநாளம் வழியாக இடது அறையையும் தூண்டி இரண்டையும் சேர்த்து இழுக்க வைக்கிறது. 2001 முதல் புழக்கத்தில் இருப்பதால் நீண்டகால ஆதாரம் அதற்கே அதிகம், ஆனால் சுமார் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் வருவதில்லை. புதிய முறையில் ஒயரை வலது பக்கமிருந்து நடுச்சுவருக்குள் திருகி, இடது கரண்ட் கிளையையே பிடிக்கிறார்கள். 2017இல் சீன மருத்துவர்கள் விவரித்தது. கை பழகிய டாக்டரிடம் நன்றாக வருகிறது. சுவரில் பழைய அட்டாக்கின் தழும்பு இருந்தால் ஒயர் பிடிக்காமல் போகலாம், அப்போது மூன்று ஒயருக்கே திரும்ப வேண்டியதுதான். "அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஈசிஜி தாளில் கியூஆர்எஸ் என்று ஒரு எண் அச்சாகியிருக்கும், கரண்ட் இதயத்தின் கீழறைகளில் பரவ எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதுதான் அது. அது 150 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த வைத்தியத்தில் பலன் வர நல்ல வாய்ப்பு.

அப்புறம் ஒன்று, பக்கத்து வீட்டு அம்மா, "எனக்கு பேஸ்மேக்கர் வெச்ச பிறகுதான் கால் வீங்குச்சு" என்று பயமுறுத்துவார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். நாடித்துடிப்பு குறைந்தவருக்கு வழக்கமாக வலது அறையில் வைக்கும் ஒயர், நாளெல்லாம் அங்கிருந்தே தூண்டினால், சிலருக்கு சில வருஷத்தில் பம்பிங் இறங்கி, கால் வீங்கலாம். அவருக்கு இப்போது கரண்ட் பாதைக்கு ஒயரை மாற்றினால் தேறலாம். அவர் கதை வேறு, உங்கள் அப்பா கதை வேறு.

அப்பாவுக்கு பம்பிங் குறைவுக்கான மருந்து சரியான அளவில் மூன்று மாதம் ஓடியதா? ஓடாமல் மெஷினுக்கு அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். நான்கு வகை மாத்திரையிலேயே பம்பிங் ஏறியவர்கள் உண்டு.

காசு விஷயம். ஸ்டென்ட்டுக்கு 2017இல் விலை உச்சவரம்பு வைத்த அரசு பேஸ்மேக்கருக்கு மட்டும் அதைச் செய்யாமல் விட்டதால்தான் புரோக்கர்கள் கொழுக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் திட்டக் கவுன்ட்டரில் எந்த வகை மெஷினுக்கு அனுமதி என்று நீங்களே கேளுங்கள். ஒப்புதலுக்கு அலைய விடுவார்கள்தான், எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் தனியாக எவனுக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான், அங்கே கார்டியாலஜியில் இரண்டாவது கருத்து வாங்கலாம்.

பொருத்திய அன்று பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். மெஷின், ஒயர் இரண்டின் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள், புதிய ஈசிஜியின் நகலும் வேண்டும். பேட்டரி மாற்றும்போது அடுத்த டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.