நிழல் தெற்கே விழும்

ஐயாவுக்கு வணக்கம்.

வேலூர் வேலப்பாடியில் இருக்கிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 5. இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்துக்கு ஐந்து செயல்பாடு என்று அட்டவணை போட்டிருக்கிறேன். சமையல் சோடாவும் வினிகரும் வைத்து எரிமலை, இலை அச்சு, களிமண், வண்ணம் தீட்டும் தாள், சனிக்கிழமை இயற்கை நடை. மாதம் ஒரு செயல்பாட்டுப் பெட்டியும் வரவழைக்கிறோம். ஆனால் மகள் எதிலும் நிலைப்பதில்லை. மே மாதக் கடைசியில் ஒருநாள் எரிமலைக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டால், துணி காயப்போடும் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். "மத்தியான நிழல் முன்னெல்லாம் கிணத்துப் பக்கம் விழும், இப்ப வாசப் பக்கம் விழுதும்மா" என்றாள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பதால் மத்தியான நிழல் வடக்கே, கிணற்றுப் பக்கம்தான் விழும் என்று எடுத்துச் சொல்லி அழைத்து வந்தேன். இந்தக் கவனச் சிதறலை எப்படிச் சரிசெய்வது? வெயிலையும் பாறையையும் விட்டால் வேலூரில் குழந்தைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது? பெங்களூருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறோம். சட்டச் சிக்கல் வருமா, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ன வழி என்று மாமியார் வேறு தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தாய், வேலப்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி. நீங்கள் சொன்னது தப்பு. மற்றதெல்லாம் அப்புறம்.

வேலூர் ஏறத்தாழ 12.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. கடகரேகை 23.5 பாகையில். சூரியன் வடக்கே ஏறி வரும்போது நம் தலையைத் தாண்டித்தான் கடகரேகைக்குப் போகிறது, திரும்பும்போதும் நம் தலைக்கு மேலாகத்தான் திரும்புகிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருநாள், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒருநாள், உச்சிவேளையில் நட்ட கழிக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, மத்தியான நிழல் தெற்கே விழுகிறது. டெல்லியில் இது ஒருநாளும் நடக்காது, அந்த ஊர் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால். மத்தியான நிழல் எப்போதும் வடக்கே என்பது அங்கே சரி. வேலப்பாடியில் வருஷத்தில் கிட்டத்தட்ட நான்கு மாதம் அது செல்லாது.

7 வயதுக் குழந்தை, தையிலோ மாசியிலோ பார்த்ததை மனசில் வைத்திருந்து, வைகாசியில் பார்த்ததோடு ஒப்பிட்டு, மாறிவிட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். யாரும் அதைப் பார்க்கச் சொல்லவில்லை. நீங்கள் அதைக் கவனச் சிதறல் என்கிறீர்கள்! கம்பத்தடியில் போய் நின்று ஒரு நிமிஷம் நிழலைப் பார்த்திருக்கலாம். பார்க்காமலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் இதைத்தான் செய்கிறார்கள் என்றுதானே பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டீர்கள்?

கோபமாக எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. என் தம்பி காட்பாடியில் வீடு கட்டுகிறான். எந்தச் சுவரில் பெரிய சன்னல் வைப்பது என்று ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. தெற்குச் சுவரில் வைத்தால் கோடையில் வெயில் வாட்டும் என்று எல்லோரும் சொல்ல, எனக்கு எங்கள் ஆயா நினைப்பாகவே இருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

ஆயா வீடு பள்ளிகொண்டா பக்கம் ஒரு கிராமத்தில், பாலாற்றங்கரையில். கிழக்கு மேற்காக நீண்ட மண் வீடு. குடிதண்ணீர்ப் பானையை ஆற்று மணல் பரப்பி அதன்மேல் வைத்திருப்பார், வடக்குச் சுவர் ஓரமாக. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் போய் இறங்கினால் முதல் வேலை பானையை இடம் மாற்றுவதுதான். "சித்திரை பத்தாச்சு, பானைய தெக்கால செவுத்தாண்ட வைங்கடா" என்பார். ஆவணி பிறந்த பிறகு அது மறுபடி வடக்கே போகும். ஏன் என்று கேட்டதற்கு ஆயா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு சுவரிலும் கை வைக்கச் சொன்னார். வடக்குச் சுவர் சுட்டது. தெற்குச் சுவர் குளுமையாக இருந்தது. அவ்வளவுதான் பாடம்.

சித்திரை பத்து என்பது ஏப்ரல் 23, 24. ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 17, 18. அந்த இடைப்பட்ட காலத்தில் நம் ஊரில் சூரியன் காலையில் எழுவதிலிருந்து சாயங்காலம் மறைவது வரை வடக்குப் பக்கமே இருக்கிறது. தெற்குச் சுவரில் நாள் முழுக்க நேர் வெயிலே படாது. இந்தக் கணக்கு எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது. ஆனால் அந்தச் சுவரின் சூடு கையில் இருந்ததால்தான் கணக்கைப் பார்த்ததும் சட்டென்று பிடிபட்டது. தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன், சன்னலைத் தெற்கே வை என்று. அவன் இன்னும் முடிவு பண்ணவில்லை.

உங்கள் மாமியாரை ஒரு தொந்தரவு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போய், எந்த மாதம் எந்தப் பக்கம் வடகம் காயவைப்பார் என்று பேத்தியைக் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வரும் மாதப் பெட்டியில் இல்லாதது அவரிடம் நிறைய இருக்கும்.

பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சோடாவும் வினிகரும் சேர்ந்தால் கரியமில வாயு வந்து நுரைக்கும். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும், படம் எடுக்கலாம், துடைத்துவிடலாம். நிஜ எரிமலை அப்படி வேலை செய்வதில்லை. அதே வாயுவைக் காட்ட வேண்டுமென்றால் உங்கள் வீட்டுத் தோசை மாவே போதும். கரைத்ததும் பாத்திரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், மணிக்கொரு தடவை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திரத்தில் எத்தனை மணி, மார்கழியில் எத்தனை மணி? பதில் தெரிய ஆறேழு மாதம் ஆகும். ஆகட்டும். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று ஓடும் குழந்தைக்கு எதுவும் மாறுவதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காது. எதைத் தொட்டாலும் அது மறுநாள் போய்விடுகிறது, அப்புறம் நிலைக்கவில்லை என்று அவளைக் குறை சொல்கிறோம்.

வண்ணம் தீட்டும் தாளும் வேண்டாம். சந்தையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வாருங்கள். அணைக்கட்டுப் பக்கத்து வகை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது, காம்பிலும் மேல்தொப்பியிலும் முள். அதைத் தொட்டுப் பார்த்து வரையட்டும். குழம்பில் போடாமல் ஒரு காயை எடுத்து வைத்து, வதங்க வதங்க அதையே திரும்பத் திரும்ப வரையட்டும்.

வேலூரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. ஊர்க்காரர்களே சொல்லிச் சொல்லி, கடைசியில் பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற ஆறு. கையால் ஊற்று தோண்டி, முதலில் வரும் கலங்கல் தண்ணீரை இறைத்துவிட்டு, தெளியும்வரை காத்திருந்து குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். மணலை அள்ளியதும் தோல் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்து அந்த ஆற்றைக் கெடுத்துவிட்டன. அதையும் குழந்தைகளிடம் மறைக்க வேண்டாம், ஊற்றுத் தண்ணீரை இன்று ஏன் குடிக்கக் கூடாது என்று கரையில் வைத்தே சொல்லுங்கள். ஊருக்குக் கிழக்கே உச்சியில் கோட்டைச் சுவரோடு மலைகள் நிற்கின்றன, காலையில் சூரியன் எந்த இடத்தில் எழுகிறது என்று மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும், அது நகர்ந்துகொண்டே போவது தெரியும். பழைய வட ஆற்காட்டிலேயே, ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் விரிஞ்சிபுரம் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். மார்க்கபந்தீசுவரர் கோயில் பிராகாரத்தில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது, அரைவட்டத்தில் கோடுகள் வெட்டியது. குச்சியை வைத்தால் நிழல் விழும் கோட்டைப் பார்த்து நேரம் சொல்லலாம். கைக்கடிகாரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒத்துப்போகாது. கல் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். இந்தியாவின் நேரம் 82.5 பாகைக் கிழக்கு ரேகையை வைத்து ஓடுகிறது, நாம் 79.1-இல் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிஷம். ஆகவே நமக்கு உச்சிவேளை சராசரியாக 12.13, 12.14-க்கு வரும். அதுவும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பிப்ரவரி நடுவில் 12.27-ஐத் தாண்டும், நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். என்னுடைய வாத்தியார் ஒருவர் உச்சி வெயில் என்றால் 12 மணி, உட்கார் என்று சொல்லி என்னை உட்கார வைத்தார். அதற்கப்புறம் அந்த வகுப்பில் நான் வாய் திறந்ததில்லை. உங்கள் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது.

சட்டம், தேர்வு பற்றி: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுக் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. 14 வயதானால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதற்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது, இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பெங்களூர் போவது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் ஊரில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

இந்த வாரமே ஒரு கழியை நடுங்கள். தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிச் செங்குத்து பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் மகளிடம், நீ சொன்னதுதான் சரி, நான் பார்க்காமல் பேசிவிட்டேன் என்று சொல்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சொல்லிவையுங்கள். உச்சிவேளையை ஒட்டிச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைக்கட்டும், மிகக் குட்டையான நிழல்தான் அன்றைய கணக்கு. ஜூன் 21-ஐ ஒட்டி அது தெற்கே 18, 19 செண்டிமீட்டர் இருக்கும், டிசம்பர் 21-ஐ ஒட்டி வடக்கே 74 வரை போகும். இந்த எண்களை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஆகஸ்ட் 18 அன்று பன்னிரண்டு மணிக்கே கழியடியில் உட்கார்ந்துவிடுங்கள், 12.17 வாக்கில் நிழல் காணாமல் போகும். மேகம் மூடியிருந்தால் மறுநாள் பாருங்கள், அரை செண்டிமீட்டர் போலத்தான் மாறியிருக்கும். அளந்ததை அவளையே எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம்.