சிவப்பு நாடா எதற்கு?

கேள்வி: சென்னையில் எங்கள் விமானத்தைப் பின்னோக்கித் தள்ளிவிட்ட பின், தரையில் நின்ற ஊழியர் ஒருவர் சிவப்பு நாடா ஒன்றை உயர்த்திக் காட்டினார். அது வழியனுப்பும் மரியாதையா?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: மரியாதையும் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நாடா தொங்குவது ‘பைபாஸ் பின்’ எனப்படும் சிறிய உலோக முளையில். இழுவை வண்டி தள்ளும்போது, முன்சக்கரத்தைத் திருப்பும் விமானத்தின் சொந்த விசை குறுக்கிட்டால், இழுவைத் தண்டு சுழன்று அருகில் நிற்பவரைத் தாக்கக்கூடும் என்பதால், அந்த முளையைச் செருகி விசையைத் துண்டித்து வைப்பார்கள். அதை எடுத்துவிட்டோம் என்பதற்குக் கண்கூடான சான்றே நீங்கள் பார்த்த நாடா. விமானி அதைக் கண்டுகொண்டதாகப் பதில் சைகை காட்டிய பிறகே விமானம் தன் விசையில் நகரும்.

அதுவரை ஹெட்செட் வழியே பேசிக்கொள்கிறார்கள். ‘பிரேக்கை விடுங்கள்’ என்று கீழிருந்து சொன்னால், ‘பிரேக் விடப்பட்டது’ என்று மேலிருந்து சொல்லவேண்டும். வெறும் ‘சரி’ போதாது. ஹெட்செட் பழுதானால் சைகைதான்: விரித்த உள்ளங்கையை முட்டியாக மடக்கினால் பிரேக்கைப் போடுமாறு பொருள், விமானி கட்டைவிரலை உயர்த்தும்வரை சைகை காட்டியவர் அசையக்கூடாது.

காட்பாடி சந்திப்பில் கார்டின் பச்சைக் கொடியைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது புதிதாக இராது. ஆனால் ரயில் எஞ்சின் ஆளை உள்ளே இழுப்பதில்லை, ஜெட் எஞ்சின் இழுக்கும். ஆகவேதான் விமானத்தின் உடற்பகுதியில் மின்னும் சிவப்பு விளக்கு அணையும்வரை ஊழியர்கள் எஞ்சினை நெருங்குவதில்லை.