மின் இணைப்பு இல்லாத தோட்ட வீட்டில், சோலாரை நம்பி அறைக்குள் கீரையும் காளானும் வளர்க்க முடியுமா?

கேட்டவருக்கு மின்கம்பம் வராத தோட்டத்தில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் இவை ஓட வேண்டும். கூடவே ஓர் அறையில் எல்இடி விளக்கு போட்டுச் செடி வளர்த்து விற்கவும் ஆசை. எல்லாவற்றுக்கும் சேர்த்து எத்தனை பேனல் வேண்டும் என்று கேட்கிறார்.

வீட்டுக்குச் சோலார் தாராளமாகப் போதும். காளானுக்கும் போதும். விளக்கு வெளிச்சத்தில் தக்காளி, மிளகாய் என்று இறங்கினால் மட்டும் கட்டுப்படியாகாது. எங்கள் தோப்பு வீட்டுக்கும் லைன் கிடையாது, சோலாரில்தான் ஓடுகிறது. அதனால் கணக்கையும் அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட்டுக்குச் சற்று மேலே தரும். பேனல் மேல் விழும் வெயிலில் 100-க்கு 20 பங்குதான் மின்சாரமாகிறது. சூடு, ஒயர், பேட்டரி என்று கழிந்து 15, 16 பங்கு கைக்கு வரும். அதை எல்இடி வெளிச்சமாக்கும்போது பாதி சூடாகப் போய்விடும், மிச்சம் 8. நேர் வெயிலில் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய ஒளி மட்டும் ஏறக்குறைய 45 பங்கு இருக்கிறது. அதாவது வெளியே ஒரு சதுர மீட்டரில் சும்மா விழுகிற வெளிச்சத்தை அறைக்குள் கொண்டுவர ஐந்து சதுர மீட்டருக்கு மேல் பேனல் வேண்டும்.

தக்காளி நன்றாகக் காய்க்க, நல்ல செடி விளக்கு போட்டாலும் சதுர மீட்டருக்குத் தினமும் 3 யூனிட் வரை பிடிக்கும். இரண்டு 550 வாட் பேனல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு சதுர மீட்டருக்கே போய்விடும். சூரியன் குறைவான நாடுகளில், இணைப்பு மின்சாரத்தில் ஓடும் பெரிய கூடங்களைக் காணொளியில் பார்த்துவிட்டு நாமும் செய்யலாம் என்று நினைக்கிறோம். நம் ஊரில் வெளிச்சம் மிஞ்சிக் கிடக்கிறது, பிரச்சினை சூடுதான். தக்காளிக்கும் கீரைக்கும் நிழல்வலைக் குடில் போடுங்கள். சோலாரை அதற்குத் தண்ணீர் இறைக்கவும் சொட்டுநீர் ஓட்டவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் விளக்கு போட்டுக் கட்டுப்படியாவது இரண்டே இரண்டு. ஒன்று மைக்ரோகிரீன் (முளைத்த சில நாளிலேயே வெட்டி விற்கும் இளங்கீரை), இன்னொன்று நாற்று. முள்ளங்கி, கடுகு, வெந்தயம் இவற்றை அடர்த்தியாகத் தூவி, முதல் மூன்று நாள் இருட்டில் மூடி வைத்து, அப்புறம் வெளிச்சத்துக்கு எடுத்தால் பத்து நாளுக்குள் வெட்டிவிடலாம். வெந்தயத்துக்கு மட்டும் ஓரிரு நாள் கூடுதலாகும். விதைக்குள் இருக்கும் சத்தே பாதி வேலையைப் பார்த்துவிடுவதால் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் போதும். ஊதா நிற விளக்கெல்லாம் தேவையில்லை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத் தட்டுக்குச் சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் இரண்டு, தட்டிலிருந்து ஓரடி உயரத்தில். 12 மணி நேரம் எரித்தால் தட்டுக்கு அரை யூனிட் ஆகும்.

இந்த விளக்குகளைப் பகலிலேயே எரியுங்கள். மூடிய அறையில் இருக்கும் செடிக்கு எது பகல் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். பேனல் தரும் நேரத்திலேயே செலவழித்துவிட்டால் பேட்டரிக்குள் போட்டு எடுக்கும் இழப்பு இல்லை, பேட்டரியும் தேயாது. ஓட்டு வீட்டில் மத்தியானச் சூடு தாங்காவிட்டால் உச்சிவேளையை விட்டுவிட்டுக் காலையிலும் சாயங்காலமும் பிரித்து எரிக்கலாம். அந்த அறைக்கு ஏசி என்ற யோசனை வந்தால் அதோடு கணக்கு முடிந்தது, பேனல் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும்.

நீங்கள் விற்பனைக்குத்தான் கேட்கிறீர்கள் என்றால் என் வாக்கு காளானுக்கு. அது வெளிச்சத்தில் சாப்பாடு செய்யாது, வைக்கோலைத் தின்று வளர்வது. காளான் வித்து வைக்கோலில் பரவும் அறை இருட்டாகவே இருக்கலாம். அறுவடை அறையில் மங்கலான வெளிச்சம் இருந்தால் போதும். அதற்கு வேண்டியது ஈரமும் காற்றும். சிப்பிக் காளானுக்கு 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் வேண்டும். சமவெளியில் சித்திரை வெயிலுக்குச் சிப்பி சுணங்கும், அப்போது பால் காளானுக்கு மாறிக்கொள்ளலாம். அது 30 டிகிரிக்கு மேலும் வரும்.

ஈரம், காற்று இரண்டையும் சின்ன சோலார் அழகாகச் சமாளிக்கும். 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு 60 வாட்டுக்குள் இருக்கும். அதில் பனிபோல் தூவும் முனைகளைக் கோத்து, டைமரில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால், நாள் முழுக்கக் கூட்டினாலும் அரைமணி, முக்கால்மணிதான் ஓடும். காற்றோட்டத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. காளான் நம்மைப் போலவே கரியமில வாயு விடும். இரவு முழுக்கக் காளான் குடிலை மூடி வைத்தால் வாயு அடியில் தேங்கி, காம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்து, குடை மட்டும் பொத்தான் மாதிரி சின்னதாக நிற்கும். சந்தையில் அதை யாரும் தொட மாட்டார்கள். தரையை ஒட்டி பேட்டரியின் நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடும் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் விசிறி, மணிக்குச் சில நிமிடம் இரவிலும் ஓட வேண்டும். குடிலுக்கு மொத்தமாக நாளைக்கு அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அதே அரை யூனிட்டில் மைக்ரோகிரீன் ஒரே ஒரு தட்டுதான் ஓடும்.

சரி, இனி வீடு. பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, எல்இடி பல்பு நாலைந்து, போன் சார்ஜர், சின்ன ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், காலையில் கொஞ்சம் மிக்ஸி என்றால் நாளைக்கு 2 யூனிட் ஆகும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். இன்னொரு பேனல் வாங்குவதற்கு முன் விசிறியை மாற்றுங்கள். இதோடு காளான் குடிலையும் சேர்த்தால் இரண்டு 550 வாட் பேனலும், 24 வோல்ட் 100 ஆம்ப்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் சரியாக இருக்கும். அதில் இரண்டேகால் யூனிட் வரை எடுக்கலாம். டியூபுலர் (ஈய அமில) பேட்டரி விலை குறைவுதான். ஆனால் அது நீடித்து உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. 12 வோல்ட் 150 ஆம்ப்-மணி டியூபுலரில் நிம்மதியாக எடுக்கக்கூடியது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் உண்டு.

இன்வெர்ட்டரைப் பெரியதாக வாங்கி வைக்காதீர்கள். 5 கேவிஏ இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே 50 வாட் வரை இழுக்கும், நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் அதிலேயே போகும். ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் போதுமான அளவு வாங்கி, குடிலின் பம்பையும் விசிறியையும் 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் டிசி கன்வெர்ட்டர் வழியாகப் பேட்டரியிலிருந்தே ஓட்டுங்கள்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜ் ஏற்றுவது கண்ட்ரோலர். அந்த விஷயத்தில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் 550 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். சாயங்காலம் வரை வெயில் அடித்தும் பேட்டரி நிறையவில்லை. "பேனல் டூப்ளிகேட்டா தம்பி, வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். உச்சிவெயிலில் கிளாம்ப் மீட்டரை மாட்டினோம். பேனலிலிருந்து வந்தது 12 ஆம்ப், பேட்டரிக்குப் போனதும் அதே 12 ஆம்ப். பேனல் நல்ல பேனல்தான், கண்ட்ரோலர்தான் பிடபிள்யூஎம் என்ற சாதாரண வகை. அந்தப் பேனல் 41 வோல்ட்டில் வேலை செய்யத் தயாராக நிற்கிறது, இந்தக் கண்ட்ரோலர் அதை 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்துவிடுகிறது. 12 ஆம்ப், 13 வோல்ட், பெருக்கினால் 156 வாட். வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு கூரை மேலேயே வீண். பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ற ஆம்பாக மாற்றித் தரும் எம்பிபிடி கண்ட்ரோலர் மாட்டியதும் அதே வெயிலில் பேட்டரிக்கு 30 ஆம்புக்கு மேல் ஏறியது. கடையில் அவரிடம் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நாற்பதைந்து வயதுக்கு மேல் கடன் வாங்கிப் பேனல் போட்ட மனிதரிடம் இப்படிச் சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை.

தென்னந்தோப்பாக இருந்தால் நிழலைப் பாருங்கள். பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டு மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கும். ஒரே ஒரு ஓலையின் நிழல் விழுந்தாலும் அந்தப் பகுதி முழுவதும் விலகிக்கொள்ளும், மூன்றில் ஒரு பங்கு போச்சு. குறுக்கே விழுந்தால் இன்னும் மோசம். வீட்டுக் கூரையில்தான் வைக்க வேண்டும் என்றில்லை. பத்தடி தள்ளி வெட்டவெளியில் கம்பி நட்டு, தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில் வைக்கலாம். காலை வெயில் ஏறும் முன் தூசியைக் கழுவிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகைதான் சோதனைக் காலம். புயல் சின்னம் வந்து மூன்று நாள் வானம் மூடிக்கிடந்தால் கால்பங்குகூட வராமல் போகும். அதற்காகப் பேட்டரியை மூன்று மடங்கு வாங்குவது வீண்செலவு. அந்த நாட்களில் ஃபிரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிடலாம், மைக்ரோகிரீனுக்கு விதை போடாமல் இருக்கலாம். குடில் விசிறி மட்டும் ஓடட்டும். மழைக்காலத்தில் ஈரம் தானாகவே இருப்பதால் பம்புக்கு வேலை இருக்காது.

தண்ணீர் மோட்டாரைப் பேட்டரியில் கோக்கவே வேண்டாம். சோலார் பம்பைப் பேனலில் நேரடியாக மாட்டி, வெயில் இருக்கும்போது மேல்தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். விவசாயக் கிணறு என்றால் 2019-ல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் தனித்து இயங்கும் பம்புகளுக்கு மானியம் தந்தார்கள், இப்போதும் உண்டா என்று உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 2024-ல் வந்த, வீட்டுக் கூரை சோலாருக்கான பிஎம் சூர்ய கர் மானியம் மின்வாரிய இணைப்பு உள்ள கூரைக்குத்தான், உங்களுக்கு வராது.

கடைசியாக, ஒயரிங். எம்சிபி என்பது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். பேனல் பக்கத்தில், வீட்டு மாறுமின்சாரத்துக்குப் (ஏசி) போடும் எம்சிபி-யைப் போட்டுவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள், விடாதீர்கள். டிசி மின்சாரத்தில் பொறி கிளம்பினால் தானாக அணையாது, பெட்டியே பற்றிக்கொள்ளும். டிசி எம்சிபி, பேட்டரி வாயில் ஃபியூஸ், நல்ல எர்த், வெட்டவெளி என்பதால் இடிதாங்கி, சர்ஜ் பாதுகாப்பு இவ்வளவும் முடிந்த பிறகே ஆளுக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.