ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கும் முன் பழைய சுவிட்சைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் விளக்குகளுக்கு மட்டும் 24 சுவிட்சுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்மார்ட் ஆக்க ஆசைதான். ஆனால் பேர்போன பிராண்டின் விலையை 24-ஆல் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆன்லைனில் அதில் கால்வாசி விலைக்கே நிறைய கிடைக்கின்றன. நம்பி வாங்கலாமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வாங்கலாம். விலை குறைந்தவற்றில் நன்றாக உழைப்பவையும் இருக்கின்றன. ஆனால் விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டு, முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்து கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஏதாவது ஒரு சுவிட்ச் பலகையைக் கழற்றி உள்ளே எத்தனை வயர் வருகிறது என்று பாருங்கள். கரண்ட் வேலையில் கை பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எதை வாங்க முடியும் என்பதை இந்தப் பத்து நிமிட வேலைதான் முடிவு செய்யும்.

சாதாரண சுவிட்சுக்கு இரண்டு வயர் போதும். மின்சாரத்தைக் கொண்டு வரும் ஃபேஸ் வயர் உள்ளே வரும், மறுமுனையில் வெளியேறி விளக்குக்குப் போகும். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் நேராக விளக்குக்கே போய்விடுவதால் சுவிட்ச் பாக்ஸுக்குள் அது வர வேண்டிய அவசியமே இல்லை. ஸ்மார்ட் சுவிட்ச் அப்படி இல்லை. அதற்குள் ஒரு குட்டி ரேடியோ இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அந்த ரேடியோ விழித்திருந்தால்தான் உங்கள் கட்டளை அதற்குக் கேட்கும். அது விழித்திருக்க 24 மணி நேரமும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். பாக்ஸின் பின்புறத்தில் எந்த சுவிட்சிலும் சேராமல் முறுக்கி, டேப் ஒட்டி விட்ட வயர்கட்டு ஒன்று தெரிந்தால் அது நியூட்ரலாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். மலிவான மாடல்களில் பெரும்பாலானவை உங்களுக்குப் பொருந்தும்.

இல்லை என்றால் 'நோ நியூட்ரல்' வகையைத்தான் வாங்க வேண்டியிருக்கும். விளக்கு அணைந்திருக்கும்போதும் அந்த விளக்கின் வழியாகவே துளி மின்சாரத்தைக் கசிய விட்டு, அதில் உயிர் வாழும் சுவிட்ச் இது. பழைய குண்டு பல்புக்கு இந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. சின்ன எல்.இ.டி.க்கு அப்படி இல்லை. நானே படுக்கையறையில் இப்படி ஒன்றைப் போட்டேன். இரவு விளக்கை அணைத்துப் படுத்தால், சில நொடிகளுக்கு ஒரு முறை விளக்கு மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்கென்று வெட்டியது. கசிந்து வரும் மின்சாரம் எல்.இ.டி.க்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, நிறைந்ததும் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் காலியாகிறது. மறுபடி நிறைகிறது. விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே 'பைபாஸ்' என்று விற்கும் ஒரு சிறு துண்டை மாட்டிய பிறகுதான் அது நின்றது. சில கம்பெனிகள் அதைப் பெட்டியிலேயே வைத்துத் தருகின்றன, சில தனியாக விற்கின்றன. விலையை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நியூட்ரல் இல்லையே என்று எர்த் வயரை அதற்குப் பதிலாக மாட்டும் வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள். சுவிட்ச் வேலை செய்யும், அதனால் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஆளைக் காப்பாற்ற வைத்த வயரில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எர்த் எங்காவது விட்டுப்போனால், அதோடு சேர்ந்திருக்கும் உலோக உடல்களில் எல்லாம் ஷாக் அடிக்கலாம். பக்கத்து அறையின் வேறு சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலை இரவல் வாங்குவதும் தவறு. கசிவைக் கண்டு அணையும் பிரேக்கர் வீட்டில் இருந்தால், காரணம் புரியாமல் அடிக்கடி விழும்.

அடுத்தது ரேடியோ வகை. இரண்டு மூன்று சுவிட்ச் என்றால் வைஃபையே போதும், சுவிட்சுகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ஹப் என்ற தனிப் பெட்டி தேவையில்லை. 24 என்றால் யோசிக்க வேண்டும். ஒவ்வொன்றும் உங்கள் ரவுட்டரில் ஒரு இடத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே போன், டிவி, லேப்டாப் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சாதாரண ரவுட்டர் இத்தனை பேரைச் சேர்த்து மேய்க்கத் திணறும். உங்கள் கணக்குக்கு நான் வைஃபையில் சேராமல் தங்களுக்குள் தனி ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஜிக்பீ வகையைத்தான் சொல்வேன். ஹப்புக்கோ கம்ப்யூட்டரில் செருகும் ஜிக்பீ ஸ்டிக்குக்கோ ஒரு முறை செலவு செய்தால் போதும். ஒரு சுவிட்ச் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றிக் கொடுப்பதால் வீடு பெரிதானாலும் கடைசி அறை வரை எட்டும். நியூட்ரல் உள்ள ஜிக்பீ சுவிட்சுகள்தான் பொதுவாக இப்படிக் கைமாற்றும். நோ நியூட்ரல் சுவிட்சுகளில் பெரும்பாலானவை தன் செய்தியை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும். வீடு முழுக்க அதையே போட்டால், செய்தியைக் கைமாற்ற நடுவில் ஒன்றிரண்டு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக்காவது வேண்டும்.

ஜிக்பீ போன்ற இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவும் நல்ல முறைதான். ஆனால் அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தருவித்தால் உங்கள் ஹப்போடு பேசாது.

அப்புறம், சுவிட்சை மாற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ரிலே மாட்யூல் என்று கிடைக்கிறது. ரிலே என்றால் மின்சாரத்தாலேயே இயங்கும் சிறு சுவிட்ச். அதைப் பழைய சுவிட்சின் பின்னால் பாக்ஸுக்குள் வைத்துவிடலாம். சுவர் பார்க்க அப்படியே இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் பழைய சுவிட்சையே தட்டலாம், போனிலும் போடலாம். இரண்டு விளக்கை ஆளும் மாட்யூல் ஒன்று வாங்கினால், விளக்குக்கு ஆகும் செலவு இன்னும் குறையும். பாக்ஸில் ஆழம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள், வயர்களை அமுக்கித் திணித்தால் சூடாகும். பாக்ஸ் உலோகமாக இருந்தால் சிக்னலும் மங்கும்.

இன்னொன்று, 24-ம் உடனே வேண்டுமா? ஸ்டோர் ரூம் விளக்கைப் போனில் போட்டு யாருக்கு என்ன லாபம்? வாசல், ஹால், மாடிப்படி, படுக்கையறை என்று ஐந்தாறில் தொடங்குங்கள். ஒரு மாதம் பழகிய பிறகு மிச்சத்தை முடிவு செய்யலாம்.

கேள்வி: சுவிட்ச் வாங்கிய கம்பெனி மூடிவிட்டால் சுவிட்ச் வேலை செய்யாமல் போகுமா?

போகலாம். போயிருக்கிறது. 2022 ஏப்ரலில் ஸ்மார்ட் சுவிட்சுகள் விற்ற இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. மக்களின் ஆப் ஒரே நாளில் செத்துப்போனது. அதற்கு முன் 2016-ல் ரிவால்வ் என்ற ஹப்பை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனமே நிறுத்தியது. நன்றாக இருந்த கருவிகள் வெறும் டப்பாவாயின.

நீங்கள் போனில் தட்டும் கட்டளை கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறதா, அல்லது வீட்டுக்குள்ளேயே முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதை நீங்களே சோதிக்கலாம். ஒரே ஒரு சுவிட்சை வாங்கி மாட்டுங்கள். ரவுட்டரை ஓடவிட்டு, அதற்குள் வரும் இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்குங்கள். போனின் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள். இப்போது ஆப்பில் தட்டினால் விளக்கு எரிகிறதா? எரிந்தால் நல்லது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த சுவிட்ச் கம்பெனியின் தயவில் ஓடுகிறது என்று அர்த்தம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள், மீதி 23-ஐ அப்புறம் வாங்கலாம்.

ஜிக்பீ சுவிட்சுகளுக்கு இந்தக் கவலை குறைவு. ஒரு கம்பெனி போனாலும் அவற்றை வேறு ஹப்போடு சேர்க்க வழி உண்டு. ஹோம் அசிஸ்டண்ட் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் 2013-லிருந்து வளர்ந்து வருகிறது. அதை வீட்டிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் பல கம்பெனிகளின் கருவிகளை ஒரே திரையில் ஆளலாம். வைஃபை வகையில் இ.எஸ்.பி. என்ற வகை சிப் உள்ளவற்றுக்கு டாஸ்மோட்டா, இ.எஸ்.பி.ஹோம் போன்ற மென்பொருளை ஏற்றி, கம்பெனி சர்வரிடமிருந்து விடுவிக்கலாம். ஆனால் அதே மாடல் பெயரில் உள்ளே வேறு சிப் வைத்து விற்பதும் நடக்கிறது. யாரோ இரண்டு வருடம் முன்பு எழுதியதை நம்பி மொத்தமாக வாங்காதீர்கள்.

2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தில், கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே முடியும்படி வகுத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி இரண்டு சுவிட்சுகள் இருந்து, ஒன்றின் பெட்டியில் மேட்டர் முத்திரை இருந்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதை எடுப்பேன்.

கேள்வி: 10 ஆம்பியர் என்று போட்ட மலிவு சுவிட்சில் பத்து எல்.இ.டி. விளக்குகளை மட்டும்தான் சேர்த்திருந்தேன். எட்டே மாதத்தில் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. எப்படி?

'டிக்' சத்தம் வருகிறது, விளக்கு மட்டும் அணையவில்லை, அப்படித்தானே? அப்படியானால் உள்ளே இருக்கும் ரிலேயின் இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பத்து விளக்கும் தலா 9 வாட் என்றால் மொத்தம் 90 வாட். 230 வோல்ட்டில் அது 0.4 ஆம்பியர்கூட இல்லை. ஆனால் அது எரிந்துகொண்டிருக்கும்போது உள்ள கணக்கு. போடும் அந்த நொடியில், ஒவ்வொரு விளக்கின் உள்ளேயும் காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் ஒரே மடக்கில் மின்சாரத்தை உறிஞ்சும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே இருந்தாலும், அந்தப் பாய்ச்சல் சாதாரண அளவைப் போலப் பல பத்து மடங்கு இருக்கும். பத்து விளக்கும் ஒன்றாகக் குடித்தால் முனைகளில் பொறி பறந்து, உலோகம் உருகி, ஒரு நாள் வெல்டிங் வைத்தது போல ஒட்டிவிடும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 10 ஆம்பியர் பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்னது. எல்.இ.டி.க்கு எத்தனை வாட் என்று விவரக்குறிப்பில் தனியாகப் போட்டிருக்கும், அது எவ்வளவோ குறைவாக இருக்கும். அந்த எண்ணையே சொல்லாத சுவிட்சை விட்டுவிடுங்கள். உங்கள் நாட்டின் மின்பாதுகாப்பு முத்திரை இல்லாததையும் விட்டுவிடுங்கள், இந்த இரண்டில் மட்டும் நான் விலையைப் பார்ப்பதே இல்லை. ஒட்டிக்கொண்ட சுவிட்சைத் தட்டித் தட்டிச் சரிசெய்யாமல் உடனே மாற்றுங்கள். விளக்குகளையும் இரண்டு சுவிட்சுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: சும்மா இருக்கும்போதே இவை கரண்ட் தின்னுமா?

தின்னும். வைஃபை சுவிட்ச் பொதுவாக அரை முதல் ஒரு வாட் வரை எடுக்கும். ஒரு வாட் என்றால் வருடத்துக்கு 8.76 யூனிட். 24 சுவிட்ச் இருந்தால் 210 யூனிட். ஜிக்பீ பெரும்பாலும் இதைவிடக் குறைவு.

கேள்வி: வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது. ஸ்மார்ட் பல்பு வாங்கினால் போதுமா?

தனியாக இருந்தால் போதும். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தால், வழக்கம்போல யாராவது சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். பல்புக்குக் கரண்டே போகாது, ஆப்பில் 'தொடர்பில் இல்லை' என்று வரும். இதனால் பல்புகளோடு, அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் பேட்டரி பட்டன் ஒன்றையும் வாங்கி, பழைய சுவிட்சுக்குப் பக்கத்தில் இருபக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டுங்கள். நாணய வடிவ பேட்டரி ஒன்றிலேயே பல மாதம் ஓடும். எனோஷன் முறை பட்டன்களுக்கு அதுவும் வேண்டாம், விரல் அழுத்தும் விசையிலேயே அந்த ஒரு செய்திக்குத் தேவையான மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

கேள்வி: விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் டிம்மரையே ஃபேனுக்கும் போடலாமா?

வேண்டாம். விளக்கு டிம்மரில் மோட்டாரைச் சேர்த்தால் உறுமும், சூடாகும். ஃபேன் ரெகுலேட்டர் என்று குறிப்பிட்டு விற்பதையே வாங்குங்கள். விளக்குக்கு டிம்மர் போடும்போதும் பல்பின் மேல் 'டிம்மபிள்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நள்ளிரவில் கரண்ட் போய் வந்ததும் வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. குழந்தை விழித்துக்கொள்கிறது. சுவிட்ச் பழுதா?

பழுது இல்லை. மின்சாரம் திரும்பியதும் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று பெரும்பாலான சுவிட்சுகளில் ஒரு அமைப்பு உண்டு. எரியட்டும், அணைந்திருக்கட்டும், முன்பு இருந்தபடி இருக்கட்டும் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். ஆப்பில் அந்த சுவிட்சின் அமைப்புகளுக்குள் 'பவர் ஆன்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். சில மலிவு மாடல்களில் இந்த அமைப்பே இருக்காது, அவற்றைப் படுக்கையறையிலிருந்து எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் படுக்கையறைகளுக்கு 'அணைந்திருக்கட்டும்' என்றும், இருட்டில் யாரும் தடுக்கி விழக்கூடாது என்பதால் மாடிப்படிக்கு மட்டும் 'எரியட்டும்' என்றும் வைத்திருக்கிறேன்.