நாலு வரியில் ஒரு பொடியன்

போன இதழில் அமெரிக்கக் கல்லூரி புட்போல் (பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுகிற ஆட்டம்) பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை உதைபந்தாட்டத்தையும் கிரிக்கெட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கே கல்லூரி அணிகளுக்குப் புதிதாகச் சேரும் பொடியன்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணாவின் மகன் அமெரிக்காவில் கம்பஸ் போகிறான். அந்தக் கம்பஸின் புட்போல் அணிக்கு இந்த ஆண்டு சேருகிறவர்களின் பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஒருவனுடைய பெயருக்குப் பக்கத்தில் '6-4, 285, ஓ.டி., மூன்று நட்சத்திரம்' என்று இருக்கிறது. கீழே 'நல்ல உடற்கட்டு, சுறுசுறுப்பான கால், தாழ்ந்து நின்று விளையாடுகிறான், இன்னும் நிறை ஏற வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். 285 பவுண்ட் என்றால் 129 கிலோ. இதற்கு மேலும் ஏற வேண்டுமா?
— உப்புவெளி வாசகர்

பதில்: ஏறத்தான் வேண்டும். ஓ.டி. என்பது ஒஃபென்சிவ் டக்கிள். பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணியின் 11 பேரில் ஐந்து பேர் முன்னால் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவனுக்கு இரண்டு பக்கமும் கார்ட், இரண்டு ஓரத்திலும் டக்கிள். சென்டர் பந்தைக் காலுக்கிடையால் பின்னுக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவான், மற்ற நாலு பேரும் பந்தைத் தொடுவதே அபூர்வம். பின்னால் பந்தோடு நிற்கும் குவாட்டர்பெக்கை யாரும் வந்து சாய்த்துவிடாமல் மறிப்பதும், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு வழி திறந்து கொடுப்பதும்தான் அவர்கள் வேலை. மேல்மட்டக் கல்லூரிகளில் இந்த வரிசையில் நிற்கிறவர்கள் 300 பவுண்ட், அதாவது 136 கிலோ அளவில் இருப்பார்கள். 17 வயதில் 129 கிலோ என்றால் அங்கே அவன் இன்னும் வளருகிற பிள்ளை. முதல் வருடம் பெரும்பாலும் ஆடமாட்டான், ஜிம்மிலும் சாப்பாட்டு மேசையிலும்தான் அந்த வருடம் போகும். ஐந்து வருடத்துக்குள் நாலு பருவம் ஆடலாம் என்பதுதான் பழக்கத்தில் இருந்த விதி, 2018இலிருந்து நாலு மச் வரைக்கும் இறங்கினாலும் அந்த வருடம் கணக்கில் வராது என்று தளர்த்தினார்கள், அதனால் ஒருவனை அவசரப்படாமல் வளர்த்தெடுக்க இடம் இருக்கிறது.

ஆனால் அந்த நாலு வரியில் நீங்கள் கவனிக்க வேண்டியது நிறையை இல்லை. 'தாழ்ந்து நின்று விளையாடுகிறான்' என்பதைத்தான். உங்கள் ஊர்க் கடற்கரையில் விடிய விடியக் கரைவலை இழுப்பதை எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பிடித்திருக்கிற எல்லாருக்கும் பலம் இருக்கும், ஆனாலும் நிமிர்ந்து நின்று இழுக்கிறவனை வலை முன்னுக்கு இழுத்துக்கொண்டு போகும், முழங்காலை மடித்து, இடுப்பைப் பதித்து, குதிக்காலை மணலுக்குள் புதைத்து நிற்கிற மெலிந்த கிழவரை அது அசைக்காது. இந்த ஆட்டத்தில் அதே வேலையை எதிர்ப் பக்கமாக, தள்ளுவதாகச் செய்கிறார்கள். எவன் இடுப்பு கீழே இருக்கிறதோ அவன் மற்றவனை நகர்த்துவான். உயரமான பொடியன்களுக்கு இது இலேசில் வராது, பந்து அசைந்தவுடனே நிமிர்ந்துவிடுவார்கள். 6 அடி 4 அங்குலம் உயரமுள்ள ஒருவன் 17 வயதில் தாழ்ந்து நிற்கிறான் என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் அந்தப் பொடியனின் வீடியோவை உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

நீங்களும் பார்க்கலாம். அண்ணாவின் மகனிடம் அவனுடைய வீடியோவைக் கேளுங்கள். பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள், ஒரு துண்டை மூன்று தரம். முதல் தரம் கால்: பந்து அசைந்ததும் எடுத்து வைக்கிற முதல் அடி சின்னதாகவும் கெதியாகவும் இருக்கிறதா, இல்லை நீட்டி வைத்துத் தடுமாறுகிறானா. இரண்டாம் தரம் கை: எதிராளியின் நெஞ்சில் உள்பக்கமாகப் போய் விழுகிறதா, தோளுக்கு வெளியே வளைத்துப் பிடிக்கிறதா. வெளியே வளைத்தால் நடுவர் மஞ்சள் துணியை எறிவார். மூன்றாம் தரம் கடைசி இரண்டு விநாடி: பந்து எங்கோ தூரத்தில் போய்விட்டது, இனி இவனுக்கு வேலையில்லை, அப்போதும் விசில் ஊதும்வரை தன் ஆளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறானா? நிற்கிறான் என்றால் எனக்கு அந்தப் பொடியனைப் பிடித்துவிடும்.

கேள்வி: நட்சத்திரம் யார் கொடுக்கிறது? எங்களுக்கு ஏ.எல். இசட்-ஸ்கோர் மாதிரி ஏதாவது கணக்கு இருக்கிறதா சேர்?
— மாணவர், கிண்ணியா

பதில்: இல்லைத் தம்பி. இசட்-ஸ்கோர் நல்லதோ கெட்டதோ, எல்லாரும் ஒரே வினாத்தாளை எழுதிய பிறகு வருகிறது. அங்கே சுமார் 10 இலட்சம் பொடியன்கள் உயர்பாடசாலைகளில் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள், ஒருவனை எதிர்த்து ஆடுகிற அணி மற்றவனுக்குக் கிடைக்காது. ஒருவன் டெக்சாஸில் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் பலமான அணிகளோடு மோதுகிறான், இன்னொருவன் ஒரு சின்ன ஊரில் தன்னில் பாதி உடம்புள்ள பிள்ளைகளைத் தள்ளி விழுத்துகிறான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்களின் ஆட்கள் வீடியோ பார்க்கிறார்கள், முகாம்களுக்குப் போய் நேரில் பார்க்கிறார்கள், எந்தெந்தக் கல்லூரி புலமைப்பரிசில் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்பதும் அவர்கள் காதில் விழுகிறது. பிறகு ஒரு முடிவுக்கு வருகிறார்கள். 247ஸ்போர்ட்ஸ் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 32 பேருக்குத்தான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கும், ஏனென்றால் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கிற தேர்வில் முதல் சுற்றில் 32 இடம். ஆக அந்த ஐந்து நட்சத்திரம், மூன்று நாலு வருடம் கழித்து இவன் முதல் சுற்றில் போவான் என்கிற ஆரூடம்.

அந்த ஆரூடம் வெறும் குருட்டடி என்று சொல்லமாட்டேன். ஐந்து நட்சத்திரக்காரர்களில் தொழில்முறைக்குப் போகிறவர்களின் விகிதம் மூன்று நட்சத்திரக்காரர்களில் போகிறவர்களைவிட மிக அதிகம். ஆனாலும் உடம்பு 17 வயதில் நின்றுவிடுவதில்லை. ஜொஷ் அலன் என்ற குவாட்டர்பெக் கலிபோர்னியாவில் ஃபயர்போ என்ற சின்ன விவசாய ஊரில் வளர்ந்தவர். பாடசாலை முடிக்கும்போது மெலிந்த பொடியன், நட்சத்திரம் ஒன்றும் இல்லை, பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருந்த ரீட்லி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் ஆடினார், நாடு முழுக்க உள்ள கோச்மாருக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பினார், கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகம் எடுத்தது. 2018 தேர்வில் ஏழாவது ஆளாகப் போனார், 2024 பருவத்தில் என்.எஃப்.எல்.லின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு. இன்னொரு குவாட்டர்பெக் புரொக் பர்டி 2022 தேர்வில் 262 பேரில் 262ஆவது ஆள், தன் இரண்டாவது பருவத்திலேயே அணியை சுப்பர் போல் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விசயம். கொஞ்சக் காலம் பின்னேரங்களில் பாடசாலைப் பொடியன்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கினேன். கொப்பியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுவேன். ஒருவனுக்கு 'மெலிவு, மோதினால் விழுகிறான்' என்று எழுதி, 15 வயது அணியில் சேர்க்காமல் விட்டேன். இரண்டு வருடம் கழித்து மெக்கெய்சர் மைதானத்தில் வேறொரு கழகத்துக்கு ஆடுவதைப் பார்த்தேன், ஆள் என்னைவிட உயரம், மூன்று பேர் மேலே விழுந்தும் பந்தை விடவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவன் எப்படி ஓடினான், எந்தக் காலால் அடித்தான், பந்து வருமுன் திரும்பிப் பார்த்தானா என்று நான் ஒரு சொல் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் தம்பி, எந்தக் குறிப்பை வாசித்தாலும் அந்தப் பொடியன் என்ன செய்தான் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். 'பின்னங்காலில் நிற்கும்போதும் 40 யார் தூரம் எறிகிறான்' என்று வாசித்தால் எனக்கு ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறான். 'அபார திறமை' என்று வாசித்தால் ஒன்றும் தெரிவதில்லை.

கேள்வி: குவாட்டர்பெக் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வரிசையில் நிற்கிற தடியன்களைப் பற்றி நாலு வரிதான். அவர்கள் முக்கியம் இல்லையா?
— மூதூர் வாசகர்

பதில்: முக்கியம். வலக்கையால் எறிகிற குவாட்டர்பெக்கிற்கு இடப்பக்கம் முதுகுப் பக்கமாக வரும், அங்கிருந்து வருகிறவனை அவனால் பார்க்க முடியாது. அந்த இடத்தைக் காப்பது இடது டக்கிள். எழுதுவதற்குக் கஷ்டம், அதுதான் காரணம். குவாட்டர்பெக் எத்தனை எறிந்தான், எத்தனை போய்ச் சேர்ந்தது என்று எண்ணலாம். பந்தைப் பிடிக்க ஓடுகிற வைட் ரிசீவருக்கு 40 யார் ஓட்டம் இருக்கிறது, 36.6 மீட்டர், அதை 4.4 விநாடியில் ஓடினால் எல்லாக் கல்லூரியும் தேடி வரும். மறித்து நின்றவனுக்கு எண் எங்கே? வேலையைச் சரியாகச் செய்தால் அவன் பெயரே யாருக்கும் ஞாபகம் வராது.

ஜோர்டன் மைலாட்டாவின் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிட்னியில் வளர்ந்த சமோவா வம்சாவளிக்காரர், றக்பி லீக் ஆடியவர், 6 அடி 8 அங்குலம். அமெரிக்கன் புட்போலில் ஒரு மச் கூட ஆடாத ஆளை 2018இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் 233ஆவதாக எடுத்தது. உடம்பையும் காலையும் பார்த்துத்தான் எடுத்தார்கள், மற்றதெல்லாம் முதலில் இருந்து சொல்லிக் கொடுத்தார்கள். 2025 பெப்ரவரியில் ஈகிள்ஸ் சுப்பர் போல் வென்றபோது இடது டக்கிளாக நின்றவர் அவர்.

கேள்வி: ஒரு பொடியன் ஒரு கல்லூரிக்கு வருவேன் என்கிறான், பிறகு இன்னொன்றில் கையெழுத்து வைக்கிறான். பேச்சுக்கு மதிப்பில்லையா?
— தம்பலகாமம் வாசகர்

பதில்: வாயால் சொல்வது இரண்டு பக்கத்தையும் கட்டாது, கல்லூரியும் கைவிடலாம். டிசம்பரில் கையெழுத்து வைக்கும்வரை எதுவும் முடிவில்லை. கையெழுத்துக்குப் பிறகும் வேறு கல்லூரிக்கு மாறலாம். குவாட்டர்பெக் ஜோ பரோ ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர், 2018இல் எல்.எஸ்.யு. என்கிற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், 2019 பருவத்தில் 60 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்து, கல்லூரி ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதும் தேசிய சம்பியன் பட்டமும் எடுத்தார். 18 வயதுப் பிள்ளை மனம் மாறுவதை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. 100 மீட்டரில் பாடசாலையில் முதலாவது, றக்பியும் ஆடுகிறான். 'புரொபைல்' செய்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பி புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு தாய், திருகோணமலை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. புலமைப்பரிசில் தருவது அங்கே உள்ள கோச், இடையில் நிற்கிற எவராலும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. நகையை அடகு வைக்கிற எண்ணம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். புட்போலைவிட ஓட்டத்தில் அவனுக்கு வாய்ப்பு அதிகம், அமெரிக்கக் கல்லூரிகளின் தடகள அணிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுப்பது வழக்கம். படிப்பை விடக் கூடாது: முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட 16 முக்கிய பாடங்களும், அவற்றில் 4க்கு 2.3 சராசரியும் கேட்கிறார்கள்.

அனுப்ப வேண்டிய குறிப்பை நீங்களே செய்யலாம். உயரம், நிறை, ஓடிய நேரம், எல்லாவற்றையும் உள்ளபடி. கூட்டிப் போட்டால் முதல் நாளே பிடித்துவிடுவார்கள். வீடியோ மூன்று நிமிடம் போதும், நல்ல துண்டு முதலில், பாட்டுப் போட வேண்டாம். அவன் எந்த ஓரத்தில் நிற்கிறான் என்று தொடங்குமுன் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். அப்புறம், நேரத்தைக் கையால் எடுத்தது என்றால் அப்படியே எழுதுங்கள். சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு ஏகாம்பரம் மைதானத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அளவு நாடாவும் ஸ்டொப்வோச்சும் நான் கொண்டு வருகிறேன், அவனை ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு அந்த நாலு வரியை நானே எழுதித் தருகிறேன்.